மேடையில் வென்ற யோசனைகள் பிறகு எங்கே போயின?

2008-இல் கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போய், ஜூலை மாதம் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அதே ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக மேடைகளில் இரண்டு அணிகள் எரிசக்தித் தொழில் யோசனைகளுக்காகப் பரிசு வாங்கின. ஒன்று ஃப்ளோடிசைன் காற்றுச் சுழலி அணி. பாஸ்டனை அடுத்த எம்.ஐ.டி. அந்த ஆண்டு முதன்முறையாக நடத்திய தூய எரிசக்திப் பரிசுப் போட்டியில் அது 2 லட்சம் டாலர் வென்றது. மற்றொன்று ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சமூகப் புத்தாக்கப் போட்டியில் அதற்குக் கிடைத்தது 50,000 டாலர். முன்னது ஜெட் என்ஜினின் இயற்பியலைக் காற்றாலைக்குள் கொண்டுவருவதாகச் சொன்னது. பின்னது பிகாரில் ஒரு கிராமத்தில் நெல் உமியிலிருந்து மின்சாரம் எடுத்து விளக்கேற்றிக்கொண்டிருந்தது.

அன்று இரண்டு மேடைகளையும் பார்த்த ஒருவரிடம், பதினைந்து ஆண்டுகள் கழித்தும் எது நிற்கும் என்று கேட்டிருந்தால், பெரும்பாலோர் ஃப்ளோடிசைனைத்தான் காட்டியிருப்பார்கள். அதனிடம் புதிய அறிவியல் இருந்தது, காப்புரிமை இருந்தது, சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெருமுதலீட்டாளர்கள் வாசலில் நின்றார்கள். இன்று அந்த நிறுவனம் இல்லை. உமி நிறுவனம் ஆசியா, ஆப்பிரிக்கா என இரண்டு கண்டங்களில் இயங்குகிறது. ஆனால் அதை இன்று தாங்கி நிற்பது உமி இல்லை. பரிசு வாங்கிய யோசனைக்கும் பிழைத்த தொழிலுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைத்தான் இந்தக் கட்டுரை பார்க்க விரும்புகிறது. எரிசக்தித் தொழில் யோசனைகளுக்காக மாணவர்களுக்கு நடத்தப்படும் போட்டிகளை மதிப்பிட அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களை வணிகத் திட்டம் எழுதச் சொல்லிப் போட்டி வைக்கும் வழக்கம் 1984-இல், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் மாதிரி நீதிமன்றத்தில் வாதாடிப் பழகுவதைப் பார்த்து, மாதிரி நிறுவனம் என்ற பொருளில் அதற்கு 'மூட் கார்ப்' என்று பெயர் வைத்தார்கள். 1990-இல் எம்.ஐ.டி. 10,000 டாலர் பரிசோடு தன் போட்டியைத் தொடங்கியது. அந்தத் தொகை பிறகு 50,000 ஆகி, 1 லட்சமும் ஆனது. அங்கே போட்டியிட்டவர்களில் மிகவும் புகழ்பெற்ற அணி அகமாய். 1998-இல் இறுதிச் சுற்றுவரை வந்து தோற்றது. அதன்பின் உலக இணையப் போக்குவரத்தின் பெரும்பங்கைச் சுமக்கும் நிறுவனமாக அது வளர்ந்தது. நடுவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. மேடையில் நின்று எதிர்காலத்தைக் கணிப்பது மென்பொருளிலேயே இவ்வளவு கடினம் என்றால், எரிசக்தியில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கத்தான்.

எரிசக்திக்குத் தனிப் போட்டி ஏன் வேண்டியிருந்தது? ஒரு மென்பொருள் அணி பரிசுப் பணத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு ஓட்டிவிடலாம். அதற்குள் ஆட்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். மின்கலமோ சுழலியோ அப்படியில்லை. ஆய்வகத்தில் ஒரு நாணயத்தின் அளவில் வேலை செய்த மின்கலம், ஆயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்கியும் நிலைக்கிறதா என்று பார்க்கவே மாதங்கள் ஆகும். அதைத் தொழிற்சாலை அளவில் செய்ய ஆண்டுகள் ஆகும். வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு மின்வாரியம் அல்லது பெருநிறுவனம். புதியதை வாங்கி அது நடு இரவில் நின்றுபோனால், ஊரே இருண்டுவிடும். அதனால் 'வேறு எங்கே இருபது ஆண்டு ஓடியிருக்கிறது?' என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரத்துக்கு முகம் இல்லை. புதிய வழியில் பிறந்த யூனிட்டும் பழைய அனல்மின் நிலையத்தில் பிறந்த யூனிட்டும் நம் வீட்டு மிக்சிக்கு ஒன்றுதான். புதுமைக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் இந்தச் சந்தையில் அரிது. பல்லாண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்து மலிவாகிவிட்ட ஒரு பழைய தொழில்நுட்பத்தோடு, முதல் நாளிலிருந்தே விலையில் மோத வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பெருமுதலீட்டாளர்கள் அதிக விலை கொடுத்துக் கற்றார்கள். எம்.ஐ.டி.யின் எரிசக்தி ஆய்வு முயற்சி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, 2006 முதல் 2011 வரை துணிகர முதலீட்டாளர்கள் தூய எரிசக்தி நிறுவனங்களில் 2,500 கோடி டாலருக்கு மேல் போட்டார்கள், அதில் பாதிக்கு மேல் இழந்தார்கள். அரசு உத்தரவாதத்தோடு 53.5 கோடி டாலர் கடன் பெற்ற சூரியத் தகடு நிறுவனமான சோலிண்ட்ரா 2011-இல் திவாலானது. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்த மின்கல நிறுவனமான ஏ123, 2012-இல் திவால் மனு கொடுத்தது.

முதலீட்டாளர்கள் பின்வாங்கத் தொடங்கிய அதே வேளையில்தான் அமெரிக்க எரிசக்தித் துறை மாணவர் போட்டிகளை ஒரு தேசிய வலைப்பின்னலாக மாற்றியது. 2011-இல் அறிவித்து, 2012-இல் முதல் தேசிய இறுதிச் சுற்றை வாஷிங்டனில் நடத்தியது. எம்.ஐ.டி., கால்டெக், ரைஸ் பல்கலைக்கழகம், மேரிலாந்து, கொலராடோ, சிகாகோவின் தூய எரிசக்தி அறக்கட்டளை ஆகிய ஆறு இடங்களில் வட்டாரப் போட்டிகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் முதற்பரிசு 1 லட்சம் டாலர்.

அரசுக்கு இதில் என்ன அக்கறை? அந்தத் துறையின் கீழ் 17 தேசிய ஆய்வகங்கள் இருக்கின்றன. அவற்றில் 15,000-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளும் காப்புரிமை விண்ணப்பங்களும் குவிந்திருந்தன. வரிப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளில் பல அலமாரியிலேயே கிடந்தன. 2011-இல் தொடக்கநிலை நிறுவனங்கள் வெறும் 1,000 டாலர் கட்டி இவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பைப் பெறலாம் என்று துறை அறிவித்தது. அலமாரியைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து எடுத்து 'இது யாருக்குப் பயன்படும்?' என்று தெருத்தெருவாகக் கேட்டு அலையும் ஆட்கள் வேண்டும். அதற்கு நேரமும் துணிவும் உள்ளவர்கள், குறைந்த செலவில் கிடைப்பவர்கள், மாணவர்கள். பின்னர் வந்த எனர்ஜிடெக் பல்கலைக்கழகப் பரிசுப் போட்டியிலும் இந்த எண்ணம் தொடர்ந்தது. அதில் மாணவர் அணி தன் சொந்தக் கண்டுபிடிப்போடு வரலாம். அல்லது தேசிய ஆய்வகம் ஒன்றின் தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குச் சந்தை தேடிக் காட்டலாம்.

2012-இன் முதல் தேசியப் பரிசை வென்றது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நூமேட் டெக்னாலஜீஸ். அவர்களுடைய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் பாதி அதில் இருக்கிறது.

உலோக அணுக்களை முடிச்சுகளாகவும் கரிம மூலக்கூறுகளை இணைப்புக் கம்பிகளாகவும் வைத்துக் கட்டும் நுண்துளைப் படிகங்கள் உண்டு. சில கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பை ஒளித்துவைத்திருப்பவை. அந்தப் பரப்பில் வாயு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். எந்த முடிச்சும் எந்தக் கம்பியும் சேர்ந்தால் எந்த வாயு நன்றாக ஒட்டும் என்பதை ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆயுள் போதாது. நார்த்வெஸ்டர்னில் ஆய்வு மாணவராக இருந்த கிறிஸ் வில்மரும் அவருடைய குழுவினரும் 102 கட்டுமானத் துண்டுகளை எடுத்து, கணினியிலேயே 1,37,953 கற்பனைப் படிகங்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு மீத்தேனைப் பிடிக்கும் என்று கணக்கிட்டு, சிறந்தவற்றைச் சலித்தெடுத்தார்கள். அந்த ஆய்வு பெயர்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் வெளியானது. அடுத்து, வாகனத்தில் இயற்கை எரிவாயுவைச் சேமிக்கும் தொட்டி என்ற தொழில் யோசனை பிறந்தது. சாதாரண எரிவாயு வண்டியின் உருளையில் வாயுவை ஏறத்தாழ 250 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் திணிக்கிறார்கள். படிகத்தை உள்ளே நிரப்பினால் அதைவிடப் பல மடங்கு குறைந்த அழுத்தத்தில் அதே வாயு அடங்கும். தொட்டி இலேசாகும், அழுத்தியின் செலவு குறையும். ரைஸ் பல்கலைக்கழகப் போட்டியிலும் அதே ஆண்டு நூமேட் வென்றது. அங்கே கிடைத்த பரிசும் முதலீடும் சேர்ந்து 8 லட்சம் டாலரைத் தாண்டின.

இந்தத் தொட்டியோடு ஓடும் வண்டிகளை நம்மில் யாரும் பார்க்கவில்லை. கார் என்பது பைசா பைசாவாக எண்ணும் சந்தை. தொட்டி நிரம்ப அந்தத் தூள் வேண்டும், தூளோ விலை உயர்ந்தது. 2014-இல் எண்ணெய் விலை சரிந்தபோது எரிவாயு வண்டிக்கு இருந்த அவசரமும் தணிந்தது. நூமேட் என்ன செய்தது? 'குறைந்த அழுத்தத்தில் வாயுவைப் பிடித்துவைக்கத் தெரியும்' என்ற தன் கைத்திறனை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு எங்கே விலை உண்டு என்று வேறு பக்கம் தேடியது. கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளில் ஆர்சின், பாஸ்பின், போரான் டிரைஃபுளோரைடு போன்ற கொடிய நச்சு வாயுக்களைப் பயன்படுத்துகிறார்கள். உருளை கசிந்தால் உயிர்போகும். படிகத்துக்குள் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவாகவே அந்த வாயுவை அடைத்துவைத்தால், வால்வு உடைந்தாலும் வாயு வெளியே பாயாது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். அங்கே தேவைப்படும் தூள் கொஞ்சம், வாங்குகிறவருக்கு விலை பொருட்டில்லை. 2016-இல் அந்த உருளைகள் சந்தைக்கு வந்தன.

எரிசக்திப் போட்டியில் வென்ற அணி, எரிசக்திக்கு வெளியே போய்ப் பிழைத்தது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தேசிய அளவில் முதலாவதாக வந்த ஒரு யோசனையை விட்டுவிட்டு, அதன் அடியில் கிடந்த திறனைக் காப்பாற்றிக்கொள்வது எளிதான முடிவு அன்று. 2010-இல் எம்.ஐ.டி. பரிசை வென்ற ஸ்டான்ஃபோர்டின் சி3நானோவும் இதே வழியில் போனது. சூரியத் தகடுகளுக்கான, ஒளி ஊடுருவும் மின்முனையைக் கார்பன் நுண்குழாய்களால் செய்வோம் என்று மேடையேறியவர்கள், பிறகு வெள்ளி நுண்கம்பி மை செய்து தொடுதிரைகளுக்கு விற்றார்கள்.

இப்போது ஃப்ளோடிசைனுக்கு வருவோம்.

காற்றில் உள்ள ஆற்றல் முழுவதையும் எந்தச் சுழலியாலும் எடுத்துவிட முடியாது. எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழியில்லாமல் போகும். திறந்த சுழலி அதிகபட்சம் 59.3 விழுக்காடுதான் எடுக்கலாம் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டார். சுழலியைச் சுற்றி வளையம்போல் ஒரு கூடு கட்டினால், கூட்டின் பின்புறம் அழுத்தம் குறைந்து, கூடுதல் காற்றை உள்ளே இழுக்கும். ஃப்ளோடிசைன் அத்தோடு நிற்கவில்லை. ஜெட் என்ஜினின் இரைச்சலைக் குறைக்க, அலையலையான விளிம்பு வைத்து வெளிக்காற்றையும் உள்காற்றையும் கலக்கும் உத்தி ஒன்று உண்டு. அதைக் கூட்டில் பொருத்தி, காற்றை இன்னும் வேகமாக உறிஞ்சலாம் என்றது. அதே நீள இறகுகளில் பல மடங்கு மின்சாரம் என்பது வாக்குறுதி.

அந்த வாக்குறுதியில் பொய் இல்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இறகின் வட்டத்தை மட்டும் அளந்தால் ஆதாயம் பெரிது. கூட்டின் வாய் அகலத்தையும் சேர்த்து அளந்தால் அதில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. 'அவ்வளவு அகலத்துக்குக் கூடு கட்டுவதற்குப் பதிலாக இறகையே நீட்டிவிடலாமே' என்று ஒரு பொறியாளர் கேட்டால் பதில் சொல்வது கடினம். மூன்று இறகுகள் ஒல்லியானவை, கூடோ முழுச் சுவர். புயல் வந்தால் இறகைத் திருப்பிக் காற்றுக்கு அதன் விளிம்பை மட்டும் காட்டலாம். கூட்டை மடிக்க முடியாது. அதன்மேல் விழும் சுமையைத் தாங்கக் கோபுரமும் அடித்தளமும் பருக்க வேண்டும். பருத்தால் விலை ஏறும். இதற்கிடையே உலகின் மற்ற காற்றாலை நிறுவனங்கள் அந்த எளிய வழியிலேயே போய்க்கொண்டிருந்தன. இறகை நீட்டினார்கள், மேலும் நீட்டினார்கள். இன்று கடலில் நிறுத்தும் சுழலிகளின் விட்டம் 200 மீட்டரைத் தாண்டிவிட்டது.

ஃப்ளோடிசைனுக்குப் பணப் பஞ்சம் இருந்ததில்லை. துணிகர முதலீட்டு நிறுவனமான கிளைனர் பெர்கின்ஸ் முதலீடு செய்தது. 2009-இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் உயர் ஆய்வு முகமை சுமார் 83 லட்சம் டாலர் மானியம் கொடுத்தது. பாஸ்டன் துறைமுகத்தின் டியர் தீவில் சோதனைச் சுழலி நிறுத்தினார்கள். பெயரை ஓகின் என்று மாற்றினார்கள். பரிசு வாங்கிப் பத்து ஆண்டு முடிவதற்குள் கடையைக் கட்டினார்கள். அங்கே உழைத்தவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நான் வாசித்தவரையில் என் முடிவு இது: அவர்களுடைய யோசனை கூடுதான். கூட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எல்லோரிடமும் இருக்கும் காற்றாலை. நூமேட்டுக்குத் திரும்பிப் போக ஒரு திறன் இருந்தது. இவர்கள் திரும்பிப் போனால் நிற்க இடம் இல்லை. பரிசும் மானியமும் முதலீடும் எல்லாம் அந்தக் கூட்டின் பேரிலேயே வந்திருந்தன.

ஹஸ்க் பவரின் தொடக்கம் இதற்கு நேரெதிர். கியானேஷ் பாண்டே பிகாரில் பிறந்து, அமெரிக்காவில் மின்பொறியாளராக வேலை பார்த்தவர். ஊரில் இருந்த நண்பர் ரத்னேஷ் யாதவோடு சேர்ந்து, மின்சாரம் இல்லாத கிராமங்களுக்கு என்ன செய்யலாம் என்று பல வழிகளைத் தேடினார். காட்டாமணக்கு எண்ணெய் உட்படச் சில யோசனைகளைக் கைவிட்ட பிறகு கண்ணில் பட்டது உமி. நம் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமி போவதைப் பார்த்திருப்போம். பிகாரில் அதில் பெருமளவு மலையாகக் குவிந்து கிடந்தது. 2007 ஆகஸ்ட் 15 அன்று மேற்குச் சம்பாரண் மாவட்டத்தின் தம்குஹா கிராமத்தில் முதல் நிலையம் ஓடத் தொடங்கியது. உமியைக் குறைந்த காற்றில் புகைய விட்டு, அதிலிருந்து எரியக்கூடிய வாயுவைப் பிரித்து, வடிகட்டி, என்ஜினுக்குக் கொடுத்தார்கள். முப்பது சொச்சம் கிலோவாட் திறன். மணிக்கு 50 கிலோ உமி. மூங்கில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் சில நூறு வீடுகளுக்கு மாலை நேரத்தில் மின்சாரம். இரண்டு விளக்குக்கும் ஒரு கைப்பேசி சார்ஜுக்கும் மாதம் ஏறத்தாழ 100 ரூபாய். வீட்டுக்காரர்கள் மண்ணெண்ணெய்க்குச் செலவழித்ததைவிட அது குறைவு. எஞ்சிய கரியை ஊர்ப் பெண்கள் ஊதுபத்திக்கு உருட்டினார்கள்.

வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டார்டன் மேலாண்மைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மனோஜ் சின்ஹாவும் சார்லஸ் ரான்ஸ்லரும் இந்த முயற்சியில் சேர்ந்து, அதைப் போட்டி மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் மேடை ஏறும் முன்பே தம்குஹாவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாதக் கட்டணம் வருகிறதா, எத்தனை வீடுகள் தருகின்றன என்பது கணக்குப் புத்தகத்தில் இருந்தது. நடுவர்கள் ஊகிக்க வேண்டியது அந்த அளவுக்குக் குறைவு.

ஆனால் அந்த யோசனையும் அப்படியே நிலைக்கவில்லை. உமி வாயுவில் தார் போன்ற பிசின் கலந்துவரும். தினமும் வடிகட்டியைக் கழுவ வேண்டும், என்ஜினைப் பிரித்துத் துடைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு கிராமத்திலும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஆலைக்காரர்களும் உமிக்கு விலை கேட்கத் தொடங்கினார்கள். விளக்கோடு நின்ற குடும்பங்கள் விசிறி கேட்டன, பிறகு டி.வி. கேட்டன, கடைக்காரர்கள் பகலிலும் மின்சாரம் கேட்டார்கள். இந்த இடைவெளியில் சூரியத் தகடுகளின் விலை யாரும் எதிர்பாராத அளவுக்குச் சரிந்தது. நிறுவனம் சூரிய ஒளியை முதன்மையாக்கி, உமியைத் துணைக்கு வைத்து, கலப்பு நிலையங்களுக்கு மாறியது. 2018-இல் ஷெல் உள்ளிட்டவர்களிடமிருந்து 2 கோடி டாலர் முதலீடு வந்தது. 2023-இல் பங்கும் கடனுமாக 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது.

இந்த மூன்று கதைகளிலிருந்து ஒரு விதியைப் பிழிந்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிழைத்தவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் எல்லாமே விதிபோலத் தெரியும். அதனால்தான் நியூயார்க் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சப்ரினா ஹவல் செய்த ஆய்வு இங்கே முக்கியமாகிறது. 1999 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த 87 தொழில் யோசனைப் போட்டிகளில் கலந்துகொண்ட 4,000-க்கும் மேற்பட்ட அணிகளின் மதிப்பெண்களை அவர் சேகரித்தார். நூலிழையில் வென்றவர்களையும் நூலிழையில் தோற்றவர்களையும் ஒப்பிட்டார். அவர்கள் தரத்தில் ஏறத்தாழ ஒன்று, அதிர்ஷ்டத்தில் வேறு. வென்றவர்களுக்கு வெளி முதலீடு கிடைக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. பரிசு வெறும் அலங்காரம் இல்லை என்பது இதில் உறுதியாகிறது.

இன்னும் சுவையான முடிவு தோற்றவர்களைப் பற்றியது. சில போட்டிகளில் தோற்றவர்களிடமும் அவர்களுடைய தரவரிசையைச் சொல்லிவிடுவார்கள். சிலவற்றில் சொல்ல மாட்டார்கள். கீழ் வரிசையில் இருப்பதாகத் தெரிந்துகொண்டவர்கள், தெரியாதவர்களைவிட அதிக அளவில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஒரு தெளிவு கிடைத்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு தவறான யோசனையிலிருந்து விடுபடுவது இழப்பாகாது. அந்த வயதில் ஐந்து ஆண்டுகளை மிச்சம் பிடித்துக் கொடுப்பது, ஒரு லட்சம் டாலரைவிடப் பெரிய பரிசாக இருக்கலாம். அந்தப் பரிசைப் போட்டி நடத்துகிறவர்கள் தோற்ற ஒவ்வொருவருக்கும் செலவில்லாமல் கொடுக்க முடியும். மதிப்பெண்ணை மறைக்காமல், காரணத்தோடு சொன்னால் போதும். பல போட்டிகள் இதைச் செய்யாமல், பங்கேற்றதற்கு ஒரு சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேடையின் வடிவத்தின் மீதும் எனக்குக் குறை உண்டு. சில நிமிட விளக்கவுரையில் நன்றாகச் சொல்ல வருவது ஒரே ஒரு பெரிய புதுமைதான். ஜெட் என்ஜின் காற்றாலை அந்த நேரத்துக்குள் அழகாக அடங்கும். வடிகட்டியைத் தினம் கழுவ ஆள் பழக்குவது அடங்காது. கட்டணம் தராத வீட்டுக்கு என்ன செய்வது என்பதும் அடங்காது. எரிசக்தித் தொழிலின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அப்படிப்பட்ட அடங்காத விஷயங்களில்தான் இருக்கிறது.

2018-இல் ஹல்ட் பரிசு என்ற உலக மாணவர் போட்டி எரிசக்தியைத் தலைப்பாக எடுத்து 10 லட்சம் டாலர் கொடுத்தது. வென்றவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி மாணவர்கள். அவர்கள் மின்சாரம் தயாரிப்பதைப் பற்றியே பேசவில்லை. தென்கிழக்காசியச் சிறு விவசாயிகளுக்கு நெல்லை உலர்த்தும் கருவி பற்றிப் பேசினார்கள். அறுவடைக்குப் பிறகு ஈர நெல் முளைத்தும் பூசணம் பிடித்தும் வீணாவது, தார்ச்சாலையில் நெல்லைக் காயப்போட்டு மழை மேகத்தைப் பார்த்து நிற்கும் டெல்டா விவசாயிக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை. வீணாகும் நெல்லில், அதை விளைவிக்கச் செலவான டீசலும் உரமும் மின்சாரமும் சேர்ந்தே வீணாகின்றன. எரிசக்தி என்ற சொல்லை இப்படி அகலமாக எடுத்துக்கொண்ட அந்த நடுவர்களின் தேர்வை நான் மதிக்கிறேன்.

வடிவத்தை மாற்றிப் பார்த்த முயற்சி சென்னையிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் கார்பன் ஜீரோ சேலஞ்ச், நாடு முழுவதிலுமிருந்து வரும் அணிகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் மாதிரியைச் செய்து காட்ட நிதி கொடுக்கிறது. மாதங்கள் கழித்து, செய்ததைக் கொண்டுவந்து இயக்கிக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் இறுதித் தேர்வு. பேச்சில் வென்ற யோசனை இரும்பில் தோற்கும் இடங்கள் அதற்குள் வெளிவந்துவிடும். அமெரிக்க மேடைகளின் பரிசோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை சிறியதுதான். ஆனால் எந்தக் கட்டத்தில் பணம் கொடுக்கப்படுகிறது என்பது தொகையைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். மாணவர் அணி, தன் பொருளை வாங்கக்கூடிய ஒருவரின் இடத்தில், ஓர் அரிசி ஆலையிலோ சாயப்பட்டறையிலோ துணை மின்நிலையத்திலோ சில வாரங்கள் இருந்து பார்ப்பதற்கே பரிசுத் தொகையின் ஒரு பங்கை ஒதுக்கலாம். திரும்பி வரும்போது அவர்கள் தங்கள் யோசனையை மாற்றிக்கொண்டு வந்தால், அந்த மாற்றத்துக்கே தனி மதிப்பெண் போடலாம். இன்றைய மதிப்பெண் தாள்கள் பெரும்பாலும் உறுதியைப் பாராட்டுகின்றன. நூமேட்டும் ஹஸ்க்கும் மாறியதால்தான் நின்றன என்றால், மாறுவதற்கும் அந்தத் தாளில் ஒரு கட்டம் வேண்டும்.

2021 நவம்பரில் நைஜீரியாவின் நசராவா மாநிலத்தில் டோமா, லஃபியா வட்டாரங்களின் கிராமங்களுக்கு ஹஸ்க் பவரின் ஆறு சிறு மின்தொகுப்புகள் வந்தன. சூரியத் தகடுகளிலும் மின்கலங்களிலும் இயங்குபவை. மூங்கில் கம்பங்களும் பிசின் அடைத்த வடிகட்டிகளும் அங்கே போகவில்லை. மாதக் கட்டணத்தை எப்படி வசூலிப்பது, உள்ளூர் ஆளை எப்படிப் பழக்குவது, விளக்கு கேட்ட வீடு அடுத்து எதைக் கேட்கும் என்று பிகாரில் கற்றவை போயின. கம்பெனியின் பெயர்ப் பலகையில் மட்டும் இன்னும் ஹஸ்க் என்றே இருக்கிறது. ஹஸ்க் என்றால் உமி.